பேசிக்கொள்ளாத இருவரின் டெண்டர்

வக்கீலாக இருந்த காலத்தில் நான் கறுப்புக் கோட்டை அதிகம் போட்டதில்லை. என் வேலை கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டிய வேலை. பொதுத்துறை நிறுவனங்கள் விடும் டெண்டரைச் சின்னச் சின்ன கான்ட்ராக்டர்கள் கொண்டுவருவார்கள். அதில் என்ன கேட்டிருக்கிறார்கள், எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம், போட்ட பிறகு எதிலிருந்து பின்வாங்க முடியாது என்று சொல்லி அனுப்புவேன். நெய்வேலி மாதிரி ஊரில் இதற்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். சிந்திய கரியை அள்ள, புல் வெட்ட, ஷிப்ட் வேன் ஓட்ட, கேன்டீன் பாத்திரம் கழுவ, எல்லாவற்றுக்கும் இங்கே கான்ட்ராக்ட்தான்.

போன வருடம் ஓய்வு பெற்று, ஆபீசை என் ஜூனியர் நித்யாவிடம் கொடுத்துவிட்டேன். போன மாதம் அவள் போன் செய்தாள்.

“மேடம், ரெண்டு பேர் போட்ட டெண்டர் ஒரே கம்ப்யூட்டர்ல இருந்து போயிருக்கு. சேர்ந்து சதி பண்ணீங்களான்னு நோட்டீஸ் வந்திருக்கு. நீங்க இந்த மாதிரி கேஸ் பாத்திருக்கீங்களா?”

பார்த்திருக்கிறேன். அன்று போனில் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுக்கொண்டு, பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

என் ஊர் மேல்பட்டாம்பாக்கம். அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும் வீடு. பெண் சட்டம் படிப்பதைப் பங்குச் சாமியார் ஆதரித்ததால் வீட்டில் மறுப்பு எழவில்லை. கல்யாணமாகி, சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆன கணவரோடு டவுன்ஷிப் குவார்ட்டர்சுக்கு வந்தேன். ஆர்ச் கேட்டுக்கு எதிரில், ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸ் வைத்திருந்த தெய்வநாயகம் சாரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இவ்வளவு போதும். கற்றுக்கொடுத்தவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

சார் எந்த டெண்டரையும் பின்னாலிருந்துதான் படிப்பார். “முன்னாடி இருக்கறது எல்லா டெண்டர்லயும் ஒண்ணுதாம்மா. ஆளைப் புடிக்கற விஷயத்தை எல்லாம் கடைசி இணைப்புல வச்சிருப்பான்” என்பார். படித்து முடித்தாலும் கட்சிக்காரருக்கு உடனே பதில் சொல்லமாட்டார். ஒவ்வொரு நிபந்தனையையும் நான் தமிழில் சொல்ல வேண்டும். கட்சிக்காரர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாமல் தடுமாறினால், அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சுழி. சுழிகள் எல்லாம் அழிபடும் வரை கையெழுத்து கிடையாது. அவசரக்காரர்கள் எழுந்தே போய்விடுவார்கள். சார் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு, அடுத்த கேஸ் கட்டை எடுப்பார்.

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. டவுன்ஷிப் சின்ன உலகம். டெண்டர் விடும் அதிகாரி, டெண்டர் போடும் கான்ட்ராக்டர், இருவருக்கும் நடுவில் நிற்கும் வக்கீல் என்று எல்லோரும் ஒரே மார்க்கெட்டில்தான் காய்கறி வாங்குவோம். ஏதாவது டெண்டர் நடந்துகொண்டிருந்தால், அந்தப் பிரிவு அதிகாரி எதிரே வருவதைக் கண்டதும் சார் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கத்தரிக்காய்க் கடையிலிருந்து கீரைக் கடைக்கு நகர்ந்துவிடுவார். “மரியாதைக் குறைவா நினைக்க மாட்டாங்களா சார்?” என்று ஒருமுறை கேட்டேன். “நினைச்சா நினைக்கட்டும். நாளைக்கு எவனாவது ‘மார்க்கெட்ல பேசிக்கினு இருந்தாங்க’ன்னு எழுதிப்போட்டா, அவர் வேலையும் போகும், நம்ம ஆளு கான்ட்ராக்டும் போகும்” என்றார்.

சாரிடம் நான் முதலில் வாங்கிய திட்டு ஒரு மகளிர் குழு விஷயத்தில். கேன்டீன் துப்புரவு வேலைக்கு ஒரு நிறுவனம் டெண்டர் விட்டிருந்தது. பெரிய அளவில் ஒரே வேலையாகச் செய்த அனுபவம் வேண்டும் என்று நிபந்தனை. குழுவுக்குச் சின்னச் சின்ன வேலைகளாகப் பல வருட அனுபவம் இருந்தது. ஐகோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டு வந்தார்கள். நானும் உற்சாகமாகிவிட்டேன்.

“டெண்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு கூட்டம் வைக்கிறாங்களே, எதுக்கு?” என்றார் சார். “அங்க போயி கேளு.”

கேள்வியை எழுதிக் காட்டினேன். ‘அநியாயமான’, ‘பாரபட்சமான’ என்ற இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு, “கேள்வி கேக்கத்தான போற, சண்டை போடறதுக்கா?” என்றார். மிச்சம் இருந்தது ஒரே வரி: ‘ஒரே பெரிய வேலைக்குப் பதிலாகப் பல சிறிய வேலைகளின் மொத்த அனுபவத்தை ஏற்பீர்களா?’ கூட்டத்தில் அதை அப்படியே படித்தேன். சில நாளில் நிபந்தனையைத் திருத்தி அறிவிப்பு வந்தது. விலையில் குழு தோற்றுப்போனது வேறு விஷயம். தோற்ற மறுவாரம் அந்தப் பெண்கள் ஒரு பை நிறையப் பலாச்சுளையோடு மாடியேறி வந்தார்கள். “உள்ள வுட்டாங்கல்ல மேடம்” என்றார் தலைவி. ஆபீஸ் முழுக்க இரண்டு நாள் பலா வாசம்.

அதற்குப் பிறகு எத்தனையோ டெண்டர்கள். காகித உறைகள் போய் எல்லாம் இணையத்துக்கு மாறிய பிறகு வந்தவர்தான் ராசேந்திரன்.

சேத்தியாத்தோப்புக்காரர். ஐம்பதை ஒட்டிய வயது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். ராசேந்திரன் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை அள்ளும் கூலியாகத் தொடங்கி, சூப்பர்வைசராகி, கடைசியில் சொந்தப் பெயரில் கான்ட்ராக்ட் எடுத்தவர். அவர் தெருவில் கான்ட்ராக்டர் என்று சொல்லிக்கொண்ட முதல் ஆள். கரி அள்ளும் வேலை ஒன்றுக்கு அவர் போட்ட டெண்டரைக் குறித்து அந்தப் பொதுத்துறை நிறுவனத்திலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருந்தது.

அவருடைய டெண்டரும், கலா என்ற பெண் நடத்தும் நிறுவனத்தின் டெண்டரும் ஒரே மதியத்தில் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றப்பட்டிருக்கின்றன. இரண்டிலும் உறுதிமொழியின் வாசகம் ஒன்று. எழுத்துப் பிழைகூட ஒரே இடத்தில். கலா, ராசேந்திரனின் கூடப்பிறந்த தம்பி செல்வராசுவின் மனைவி. விலையைப் பேசிவைத்துக்கொண்டு இருவரும் டெண்டர் போட்டதாக ஏன் கருதக் கூடாது, இருவரையும் ஏன் தடைப்பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். நோட்டீஸ் அனுப்பியவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அனுப்பியிருப்பேன்.

ராசேந்திரன் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

“மேடம், எங்க ரெண்டு வூட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்னு வருஷக்கணக்காச்சு. சாவு வாழ்வுக்குக்கூட போறதில்ல. எங்களப் போயி கூட்டுன்னு எழுதிகினு இருக்காங்க.”

விசாரித்ததில் விஷயம் எளிது. மந்தாரக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். சுற்றுவட்டாரத்து கான்ட்ராக்டர்கள் பலருக்கும் அங்கேதான் டெண்டர் ஏற்றுவது. டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கனை, பென் டிரைவ் மாதிரி இருக்குமே, அதையே சென்டர் உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். உறுதிமொழிக்கு அவர் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் படிவத்தை வைத்திருந்தார். ராசேந்திரனும் கலாவும் ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் ஒரே நாளில் டோக்கனைக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் கலாவும் எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். கையில் அதே நோட்டீஸ். நான் எழுந்துபோய் வாசலிலேயே நிறுத்தினேன்.

“ராசேந்திரன் எங்க கட்சிக்காரர்மா. ரெண்டு பேருக்கும் நாங்களே வாதாடினா, சேர்ந்துதான் இருக்கீங்கன்னு ஆயிடும். வேற நல்ல வக்கீல் சொல்றேன்.”

முப்பத்தைந்து வயதிருக்கும். சேலையை இழுத்துச் செருகி, ஆண்கள் போடும் ஷூ போட்டிருந்தாள். வேலை நடக்கும் இடத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. அந்தக் கரி அள்ளும் வேலை அப்போது அவள் கையில்தான் இருந்தது. அது ஒன்றுதான் அவளுடைய கான்ட்ராக்ட்.

“வேணாங்க. நானே பதில் எழுதிக்கறன். எங்கிட்ட இருக்கறது ஒரே பதில்தான்” என்று சொல்லி இறங்கிப் போனாள்.

எங்கள் பதிலுக்கும் நான் அதிகம் கஷ்டப்பட வேண்டியிருக்காது என்றுதான் நினைத்தேன். ராசேந்திரனின் அம்மா தன் பங்கு மனையை இளையவன் செல்வராசு பெயருக்கு எழுதிவைத்துவிட்டு இறந்துபோனதால், சிதம்பரம் கோர்ட்டில் ராசேந்திரன் தம்பி மீதும் கலா மீதும் வழக்குப் போட்டிருந்தார். பகைக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்தப் பிராதின் நகலை இணைத்துவிடலாம் என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

ராசேந்திரன் முகம் மாறிவிட்டது. “அது வேணாங்க.”

“ஏன்? அதுதானே உங்களைக் காப்பாத்தும்?”

“அதுல அந்தப் பொண்ணப் பத்தி எழுதியிருக்குது.”

பிராதை வரவழைத்துப் படித்தேன். மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகாமல், பத்திரத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு சாகவிட்டவள் கலா என்று ஒரு பத்தி முழுக்க இருந்தது.

“இது பொய்யா?” என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். “கோவத்துல சொன்னன். அந்த வக்கீல் எழுதிட்டாரு. நானும் கையெழுத்துப் போட்டன். அம்மாவுக்கு கடைசி வரைக்கும் எல்லாம் பாத்துகினது அந்தப் பொண்ணுதான். குளிப்பாட்டி, சோறு ஊட்டி, ஆஸ்பத்திரில ராத்திரி பகலா கெடந்து. ஊருக்கே தெரியும். நான்தான் அப்போ வேலை வேலைன்னு போவல.” என் பக்கம் திரும்பி, “அத நாலு ஆபீசருங்க ஒக்காந்து படிக்கணுமா மேடம்? அந்தப் பொண்ணு எதுருல?” என்றார்.

சாரிடம் போனேன். அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. முக்கியமான கட்டுகளை மட்டும் பார்ப்பார். முழுவதும் கேட்டார்.

“பகை உண்மை. அதுக்கு எழுதின காரணம் பொய். உண்மையை மட்டும் காட்டு. வழக்கு இருக்குன்றதுக்கு முதல் பக்கம் போதும், யார் யார் மேல போட்டிருக்காங்கன்னு அதுல இருக்கும். பொய்னு தெரிஞ்ச பிறகு அந்தப் பத்தியை இன்னொரு இடத்துல நாம நீட்டக்கூடாது.”

“பத்தலைன்னு சொன்னா?”

“பத்தலைன்னு சொல்லட்டும், அப்ப பாப்போம்.”

பிரவுசிங் சென்டர் உரிமையாளரின் பிரமாண வாக்குமூலம், அதே பிழையோடு அவர் வேறு கான்ட்ராக்டர்களுக்கு ஏற்றிய உறுதிமொழிகள், வழக்கின் முதல் பக்கம் எல்லாம் சேர்த்துப் பதில் அனுப்பினோம். நேரில் விசாரணைக்கு வரச் சொன்னார்கள்.

நீண்ட மேசை. ஒரு பக்கம் விசாரணைக் குழுவின் அதிகாரிகள். எதிரில் ஒரு கோடியில் ராசேந்திரன், சார், நான். மறு கோடியில் கலா தனியாக. நிறுவனத்தின் உரிமையாளர் மட்டும்தான் உள்ளே வரலாம் என்பதால் செல்வராசு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நடுவில் காலியாகக் கிடந்த நாற்காலிகளில் யாரும் பையைக்கூட வைக்கவில்லை.

குழுத் தலைவர் நிதானமான மனிதர். கம்ப்யூட்டர் விஷயத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு வழக்கின் முதல் பக்கத்தை எடுத்தார்.

“இதுல ஒரு பக்கம்தான் இருக்கு. கோர்ட்ல ஒரு கேஸைப் போட்டு வச்சுக்கிட்டு, வியாபாரத்துல ஒண்ணா இருக்கறவங்களை நான் பாத்திருக்கேன். என்ன தகராறுன்னு தெரிஞ்சாத்தானே நம்பறதா வேணாமான்னு சொல்ல முடியும்? முழுப் பிராது எங்கே?”

நான் எழுந்தேன். “சார், அதுல இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாத குடும்ப விஷயம் இருக்கு. வழக்கு நடப்பதற்கு கோர்ட் சான்று தரத் தயாரா இருக்கோம்.”

“சம்பந்தம் இருக்கா இல்லையான்னு நாங்கதானே முடிவு பண்ணணும்?”

அவர் கேட்டது நியாயம்தான். என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் பக்கத்தில் ராசேந்திரன் எழுந்துவிட்டார். உட்காருங்கள் என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். கோர்ட்டில் பிரமாணத்தோடு கொடுத்ததைப் பொய் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்வது சின்ன விஷயம் இல்லை. சார் என் கையைத் தட்டி, விடு என்பது போலத் தலையசைத்தார்.

“சார், அதுல நான் இவங்க எங்க அம்மாவ பாக்காம சாவ வுட்டாங்கன்னு எழுதியிருக்கறன். அது பொய். எங்க அம்மாவ பாத்துகினது இவங்க மட்டுந்தான். அத உங்க கைல குடுக்க எனக்கு மனசு வரல. அதான் முழுசா தரல. தடைபண்ணணும்னா என்ன மட்டும் பண்ணுங்க.”

ராசேந்திரன் கலா பக்கம் திரும்பவே இல்லை. அதிகாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். கலா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைக்குட்டையைத் தேடுவதையும், அது இல்லாமல் முந்தானையை எடுப்பதையும் பார்த்தேன்.

குழுத் தலைவர் தண்ணீர் குடித்தார். “நீங்க என்ன சொல்றீங்கம்மா?”

கலா எழுந்து நின்றாள்.

“நான் எழுதிக் குடுத்ததுதான் சார். எங்களுக்குள்ள பேச்சு கெடையாது. இன்னிக்கும் பேசல. அவரு உங்ககிட்டதான் பேசறாரு.”

ஒரு அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் ராசேந்திரனிடம் கடைசியாக ஒன்று கேட்டார். “அப்படின்னா அவங்க செஞ்சிக்கிட்டிருந்த வேலைக்கே ஏன் டெண்டர் போட்டீங்க?”

“அவங்க கைல இருந்து புடுங்கறதுக்குத்தான் சார்.”

கூட்டுச்சதி என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல பதிலை என் வாழ்நாளில் நான் எழுதியதில்லை.

வெளியே வந்ததும் பெஞ்சிலிருந்த செல்வராசு அண்ணனைக் கண்டு எழுந்து நின்றான். ராசேந்திரன் தலையைக் குனிந்தபடி கடந்துபோனார். படியிறங்கும்போது சார் அவரிடம், “இங்க சொன்னா மட்டும் போதாது. சிதம்பரத்துலயும் அந்தப் பத்தியை நீக்கச் சொல்லி மனு போடணும். தாமதிக்காதீங்க” என்றார். அந்த வாரமே போட்டார்.

உத்தரவு வந்தது. சதி என்பதற்கு ஆதாரம் இல்லை. டோக்கனை அடுத்தவரிடம் கொடுத்ததற்கு இருவருக்கும் எச்சரிக்கை. பழைய டெண்டரை ரத்துசெய்து புதிதாக விடுகிறார்கள். புது டெண்டரில் ஒரு சான்றிதழும் கேட்டிருந்தார்கள். விலையைப் பற்றியோ, டெண்டர் போடுவதா வேண்டாமா என்பதைப் பற்றியோ, போட்டிக்கு வரக்கூடிய வேறு யாரோடும் பேசவில்லை என்று ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும்.

ராசேந்திரன் வந்தார். முகம் தெளிந்திருந்தது.

“இந்த வாட்டி நான் போடலீங்க. எனக்கு வேற வேலை ஓடிகினு இருக்குது. அத மட்டும் அந்தப் பொண்ணுக்கு எப்படியாச்சும் சொல்லிடுங்க.”

சார் கண்ணாடியைக் கழற்றினார். “சொல்லக்கூடாது.”

“போடலன்னு சொல்றதுகூடவா தப்பு?”

“தப்புதான். உங்களுக்காக நான் வெலகிக்கறேன்னு ஒரு போட்டியாளர் இன்னொருத்தருக்குச் சொல்றது, பேசிவச்சுக்கறதுதான். நீங்க சொல்லி, அவங்க அந்தச் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டா, அவங்க போடறது பொய்க் கையெழுத்து. மொதல்ல வந்த நோட்டீஸ் அப்ப உண்மையாயிடும்.”

ராசேந்திரன் விடவில்லை. “நான் போடுவன்னு பயந்துகினு அந்தப் பொண்ணு ரேட்ட அடிமட்டத்துக்கு எறக்கிட்டா? வேலை கெடைச்சும் ஆளுங்களுக்குக் கூலி குடுக்க முடியாம நின்னுடுமே.”

“தெரியுது. இருந்தாலும் சொல்லக்கூடாது. வீட்ல உங்க சம்சாரத்துகிட்டயும் வேணாம். சொந்தக்காரங்க வழியா போயிடும்.”

வேண்டாதவளாக நினைத்த காலத்தில் அவரால் என்ன வேண்டுமானாலும் பேச முடிந்தது. நல்லது செய்ய நினைத்தபோது வாயைக் கட்டிவிட்டோம். அவர் மாடிப்படியில் மெதுவாக இறங்கிப் போனதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. சொல்லிவிடலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கலாவின் கையெழுத்தை நினைத்துப் பேசாமல் இருந்தேன்.

டெண்டர் முடியும் வரை ராசேந்திரன் இரண்டு முறை வந்து, ஒன்றும் கேட்காமல் டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

வேலை கலாவுக்கே கிடைத்தது. வேறு சிலரும் போட்டியிட்டிருந்தார்கள். அவள் போட்ட விலை குறைவுதான், ஆனால் ஆட்களுக்குக் கூலி கொடுத்து நடத்தக்கூடிய விலை. செய்தி கேட்டு சார், “கணக்குத் தெரிஞ்ச பொண்ணு” என்று மட்டும் சொன்னார். சேத்தியாத்தோப்பில் வீட்டில் இருந்த ராசேந்திரனுக்குப் போன் செய்தேன். “ஆங், சரிங்க” என்று வைத்துவிட்டார்.

வேலை உத்தரவு கைக்கு வந்த பிறகு ஒரு நாள் மாலை கலா வந்தாள். இந்த முறை வாசலில் நிறுத்தவில்லை, உட்காரச் சொன்னேன். கீழே செல்வராசு வண்டியில் காத்திருந்தான்.

“அவரு போடுவாருன்னு நெனச்சிகினுதான் மேடம் நான் ரேட்டு போட்டன். எறக்கிடலாமான்னு கை வந்துச்சு. ஆளுங்க கூலிக்குக் கீழ எறங்க மனசு வரல. போனா போவட்டும்னு போட்டன். தெறந்து பாத்தா அவரு பேரே இல்ல. ஏன் போடல?”

“அதை நான் சொல்ல முடியாதும்மா. அவர் எங்க கட்சிக்காரர்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் மேலே ஒன்றும் சொல்லக் கூடாது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதை யாருக்கும் சொல்லலாம்.

“டெண்டர் முடிஞ்சிருச்சு, வேலையும் உங்களுக்கு வந்துருச்சு. இனிமே நீங்க அவர்கிட்டயே கேட்டுக்கலாம். சட்டத்துல ஒரு தடையும் இல்ல.”

கலா லேசாகச் சிரித்தாள். “தடை சட்டத்துலயா மேடம் இருந்துச்சு?”

எழுந்து, வர்றேங்க என்று சொல்லி இறங்கிப் போனாள். நான் ஜன்னலருகே போய் நின்றேன். வண்டியில் ஏறி உட்கார்ந்து கணவனிடம் ஏதோ சொன்னாள். அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் மறுபடியும் சொன்னாள். ஆர்ச்சுக்குள் நுழைந்து வீட்டுக்குப் போக வேண்டிய வண்டி, சேத்தியாத்தோப்பு பஸ் போகும் திசையில் திரும்பியது.